நாற்பத்தைந்து தாண்டியபின் எடையைக் கட்டுக்குள் வைக்க: வேலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ காலை நடைக்கு வருகிறவர்களிடம் எடை குறைக்க வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் சீரகத் தண்ணீர் என்பார், இன்னொருவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து என்பார். எதை முதலில் செய்வது, எங்கே போவது, எவ்வளவு செலவாகும், எத்தனை மாதத்தில் பலன் தெரியும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஐம்பதை ஒட்டி நான் இதில் இறங்கியபோது ஒவ்வொன்றாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

இருபத்தைந்து வயதில் எடை குறைப்பதும் ஐம்பதில் குறைப்பதும் ஒரே வேலை இல்லை. நடுவயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகமாகிறது. வெறும் பட்டினி கிடந்து ஐந்து கிலோ குறைத்தால் அதில் ஒரு பங்கு தசையாகவே போய்விடும். பிறகு எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகத் திரும்பும். அதனால் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு: இடுப்புச் சுற்றளவு இறங்க வேண்டும், காலின் பலம் இறங்கக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

1. முதலில் வீட்டிலேயே அளந்து எழுதுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும், இருபது முப்பது ரூபாய். டிஜிட்டல் எடை இயந்திரம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்குமேல் கொடுத்து கொழுப்பு சதவீதம் காட்டும் இயந்திரம் வாங்க வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டி உங்களைக் குழப்பும்.

இடுப்பை பெல்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. தொப்பை உள்ளவர்களுக்கு பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். இருபது வருடமாக அதே 34 சைஸ்தான் போடுகிறேன் என்று நிம்மதியாக இருப்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லை. இன்னொரு சுலபமான கணக்கும் உண்டு: இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) கணக்கில் நமக்கான எல்லை வெளிநாட்டு அட்டவணையில் உள்ளது இல்லை. அங்கே 25 வரை சரி என்பார்கள். நம் உடம்பில் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வதால் இங்கே 23க்கு மேல் அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 23 என்பது ஏறக்குறைய 63 கிலோ, 25 என்பது 68 கிலோ. உங்கள் வயது 65ஐத் தாண்டியிருந்தால் இந்த எல்லையைத் துரத்த வேண்டாம். அந்த வயதில் கொஞ்சம் சதைப்பிடிப்பு இருப்பது காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் தாங்கும்.

மூன்றாவது அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அறுபதைத் தொட்ட ஆணால் 14 முறை, பெண்ணால் 12 முறை முடியவில்லை என்றால் காலில் பலம் குறைவு என்று பொருள். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

இந்த மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடை வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில். இடுப்பும் நாற்காலிக் கணக்கும் மாதம் ஒரு முறை போதும்.

2. ஒரு பை, அதில் இந்தக் காகிதங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: ஆதார் அட்டையும் ஒரு நகலும், பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை (சீட்டு மட்டும் போதாது, அட்டையையே எடுத்துப் போங்கள்), நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதன் டப்பா, நீங்கள் எழுதிய நோட்டு. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு, எந்த வயதில் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது அந்த அவசரத்தில் ஞாபகம் வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது. வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்ப்பதற்கும் உணவு ஆலோசனைக்கும் அதை நம்பிப் போகாதீர்கள்.

3. எந்த டெஸ்ட், எங்கே, எவ்வளவு

தேவையானவை சிலதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ஹீமோகுளோபின். இவற்றோடு ரத்த அழுத்தம். ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரையின் வாசல், 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ரத்த சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டலாம். ஹீமோகுளோபினைக் கூடவே எடுக்கச் சொல்வது அதனால்தான். காலையில் எடுங்கள், பத்து பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடலாம்.

செலவில்லாமல் தொடங்க வேண்டும் என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். முப்பது வயது தாண்டியவர்களுக்கு அங்கே பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்ப்பார்கள். சர்க்கரையோ பிரஷரோ உறுதியானால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். முழு ரத்தப் பரிசோதனைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கேயும் காசு இல்லை, ஆனால் ஒரு நாள் முழுதும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஓபி சீட்டு போடும் வரிசையில் காலையிலேயே நின்றுவிட வேண்டும். பாகாயம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவான சாட் மருத்துவமனை கைக்கு அடக்கமான செலவில் முடியும்.

சி.எம்.சி. போவதானால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பொது, பிரைவேட் என்று இரண்டு வழி இருக்கிறது, கட்டணம் வேறு வேறு. பதிவு செய்யும்போதே எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எப்போதோ அங்கே காட்டியிருந்தால் பழைய ஹாஸ்பிடல் நம்பரைத் தேடி எடுங்கள். புதிதாக இன்னொரு நம்பர் போட்டால் பழைய ரிப்போர்ட் எல்லாம் தனியாகக் கிடக்கும். வெறும் எடைக்காக நேரே எண்டோகிரைன் (ஹார்மோன்) துறைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பொது மருத்துவர் பார்த்து, தேவை என்றால் அவரே அனுப்பட்டும். காத்திருக்கும் நாளும் குறையும், பணமும் மிச்சம்.

தனியார் லேபில் மேலே சொன்ன டெஸ்டுகள் மட்டும் எடுத்தால் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் அடங்கும். இங்கே ஒரு பொறி உண்டு. "எண்பது டெஸ்ட், சலுகை விலை" என்று விளம்பரம் வரும். முழு ரத்த அணு எண்ணிக்கை ஒன்றையே பிரித்து இருபதுக்கு மேல் கணக்குக் காட்டுவார்கள். உங்கள் பட்டியலில் உள்ளவை அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில பேக்கேஜில் ஹெச்பிஏ1சியே இருக்காது.

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வரி முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள் தடுப்புப் பரிசோதனைக்காக வருடம் 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் வரம்புக்குள் காட்டலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் இதற்குச் செல்லும்.

4. சாப்பாட்டைக் குறைக்கும் முன் மாத்திரையைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஆபத்தும் இதில்தான் அதிகம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, திடீரென்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கும். விடியற்காலையில் வியர்த்து மயங்கி விழ நேரலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எடை இறங்க இறங்க அளவைக் குறைக்க வேண்டி வரலாம். "நான் சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

எடையை ஏற்றும் மருந்துகளும் இருக்கின்றன: ஸ்டீராய்டு, பயோகிளிட்டசோன், சில மனநல மருந்துகள். மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஸ்டீராய்டை நிச்சயமாகக் கூடாது. மூட்டு வலிக்கு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு முகம் உப்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் சத்தமாகக் குறட்டை, பகலில் தூக்கம் என்றால் அதையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு எடை குறைவது கடினம்.

5. சமையலறையில் மாற்ற வேண்டியவை

வயதாகிவிட்டது, உடம்பு எரிப்பது நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். 2021இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இருபதிலிருந்து அறுபது வயது வரை உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது என்று காட்டியது. மாறியது நம் நாள். உட்கார்ந்தே இருக்கிறோம், தசை குறைந்திருக்கிறது, தட்டில் சோற்றின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வது கூடும். அதற்கும் வழி இதேதான்.

முதலில் எண்ணெய். தட்டைப் பார்த்து எண்ணெய் அளவு சொல்ல முடியாது, மளிகைப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், ரேஷன் பாமாயில் பாக்கெட்டையும் சேர்த்து? நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரை லிட்டர் தாராளம். ஐந்து லிட்டர் டின் ஒரு மாதத்தில் தீர்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், உங்கள் எடை அங்கேதான் இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் அருமையான காய், ஆனால் எண்ணெயைக் குடிப்பதில் அதற்கு இணை கிடையாது. பாதி வேகவைத்து அப்புறம் தாளியுங்கள்.

அடுத்தது களி. இந்தப் பக்கத்தில் கேழ்வரகுக் களி தின்றால் எடை குறையும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. கேழ்வரகு நல்ல தானியம், கால்சியம் நிறைய, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் நூறு கிராம் கேழ்வரகு மாவில் இருக்கும் கலோரி நூறு கிராம் அரிசியில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சோற்றுக்குப் பதில் ஒரு உருண்டை என்றால் சரி. இரண்டு உருண்டையும் மேலே சோறும் என்றால் எடை ஏறத்தான் செய்யும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மோர் விட்டுக் கரைத்த கூழ் ஒரு சொம்பு குடித்தால் அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் வையுங்கள்.

பிறகு புரதம். இது குறைந்தால் தசை போகும், காலின் பலம் போகும். ஐம்பதுக்கு மேல் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ என்றால் 60 கிராம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, இரவு தோசை என்று போகும் நாளில் இது எட்டாது. இரண்டு முட்டையில் 12 கிராம். ஐம்பது கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து அவித்தால் 10 கிராம். பாலும் தயிருமாக நானூறு மில்லியில் 12 கிராம். ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11 கிராம். மீதி இட்லியிலும் சோற்றிலும் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலையும் பருப்பையும் கூட்டுங்கள். காராமணி, மொச்சை எல்லாம் நமக்குப் பழக்கமானவைதானே. கோழியோ மீனோ உண்டு என்றால் குழம்பாகச் சாப்பிடுங்கள், பொரித்தது வேண்டாம். கிரியாட்டினின் அதிகம் என்று ரிப்போர்ட்டில் வந்திருந்தால் மட்டும், புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்டாக வேண்டும்.

வேர்க்கடலை நம் மண்ணில் விளைவது, சத்தானது. ஒரு கைப்பிடி சுமார் 170 கலோரி. அவித்துத் தோலோடு வைத்தால் உரித்துத் தின்ன நேரம் பிடிக்கும், அளவு தானாகக் குறையும். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வீதம் நாளுக்கு நான்கு டீ என்றால் 160 கலோரி. முதல் இரண்டு வாரம் ஒரு ஸ்பூன், அப்புறம் அரை என்று இறங்குங்கள்.

பிரியாணியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதை நிறுத்துகிறேன் என்று சபதம் செய்தவர்கள் மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை, மதியம், துண்டுகளையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அரிசியைப் பாதியோடு நிறுத்துங்கள். அன்று மக்கன் பேடா வேண்டாம், அதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. நடை மட்டும் போதாது

வாரத்தில் 150 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு இதுதான். நம் ஆட்கள் முதல் பாதியைச் செய்கிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஐம்பதுக்கு மேல் இரண்டாவதுதான் முக்கியம் என்பேன்.

ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, குதிகாலை உயர்த்தி இறக்குவது பதினைந்து. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று சுற்று. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சுலபமாகிவிட்டால் இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். 65 வயதுக்கு மேல் இதோடு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் சேர வேண்டும், சுவரைப் பிடித்தபடி.

நடக்க கோட்டைப் பகுதி, நேதாஜி விளையாட்டரங்கம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. வேலூர் வெயிலை மட்டும் மறக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்கே சூடு ஏறிவிடும், பகலில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்புங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் மயக்கம் வரும். புதிதாகத் தொடங்க அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். கத்திரி வருவதற்குள் பழக்கம் நிலைத்துவிடும்.

ரத்தினகிரி, வள்ளிமலை படியேறுகிறேன் என்று முதல் மாதமே இறங்காதீர்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முழங்காலில் பாரம் விழும். எடை ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. படி அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தாடை, இடது கை வலியோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போங்கள்.

7. பவுடர், பேக்கேஜ், ஊசி

மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ என்று உறுதி கொடுத்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். ஒரு நிலையத்தில் நான் விசாரித்தபோது ரத்த ரிப்போர்ட்டையும் கேட்கவில்லை, மாத்திரை விவரமும் கேட்கவில்லை. பவுடர் டப்பாவின் விலையைத்தான் முதலில் சொன்னார்கள். ரிப்போர்ட் பார்க்காமல் உணவுத் திட்டம் தருகிறவர்களிடம் உடம்பை ஒப்படைக்க முடியாது. மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கிடைப்பது இதைவிட எத்தனையோ மேல், செலவும் குறைவு.

டிர்செபடைட், செமாக்ளூடைட் ஊசிகள் 2025இல் எடைக் குறைப்புக்காகவும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன. பலன் தருகின்றன, உண்மைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. டிர்செபடைட் அறிமுகமானபோது ஆரம்ப அளவுக் குப்பி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்ப ஏறுகிறது, தசையும் சேர்ந்து குறைகிறது. எத்தனை வருடம் போட முடியும் என்று வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்க பிஎம்ஐ 40, அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்ற மருத்துவக் குறிப்புகளையும் கேட்பார்கள். இரண்டாம் படியில் சேர்த்த ஃபைல் அங்கே உதவும்.

8. எந்த மாதம் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கலாம், அதில் பெரும்பகுதி நீர். பிறகு வாரம் அரை கிலோ நல்ல வேகம். ஆறு மாதத்தில் இருந்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, பிரஷர், கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றிலும் மாற்றம் தெரியும். 80 கிலோ ஆளுக்கு அது நான்கு முதல் ஐந்தரை கிலோதான். மூன்றாம் மாதம் ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அதற்குமுன் எடுத்தால் பழைய மாதங்களின் கணக்கும் கலந்து வரும். எடை நின்றுபோய் இடுப்பு மட்டும் இறங்கினால் கவலை வேண்டாம், சரியான வழியில்தான் போகிறீர்கள். எடை இறங்கி நாற்காலிக் கணக்கும் இறங்கினால் சாப்பாட்டைக் குறைப்பதை நிறுத்தி புரதத்தையும் பயிற்சியையும் கூட்டுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் மாதம் ஒரு முறை எடை பாருங்கள். 65 வயதுக்கு மேல் எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் ஐந்து சதவீதம் எடை குறைந்தால், அதாவது 60 கிலோவில் மூன்று கிலோ, "பரவாயில்லை, இளைத்துவிட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, விழுங்க முடியாமை, ஏன் சரியாகப் பொருந்தாத பல் செட்கூடக் காரணமாக இருக்கலாம். நோட்டோடும் மாத்திரை அட்டைகளோடும் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.